வடக்கன்குளம் கதவு திறந்தது!

அரண்மனை உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த தேவசகாயத்தின் வரலாறு

1745-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி.

திருநெல்வேலிச் சீமையின் தெற்குக் கோடியில் இருக்கும் வடக்கன்குளம் என்ற கிராமத்தில், கிறிஸ்தவக் கோவிலில், ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வயது 33. பிறந்த போது பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். அன்று முதல் அவர் பெயர் தேவசகாயம்.

அவர் அந்த ஊர்க்காரர் அல்ல. எல்லைக்கு அப்பால் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தவர். ராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். ஊரில் வீடு உண்டு, உறவு உண்டு, ஜாதியும் அந்தஸ்தும் உண்டு. அத்தனையும் போய்விடும் என்று தெரிந்தேதான் அவர் அந்தக் கோவிலுக்கு வந்தார்.

மனம் மாறுவது ஒருவன் தனியாகச் செய்கிற காரியம். ஆனால், மாறிய பிறகு தனியாக வாழ முடியுமா? பழைய வீட்டுக் கதவு அடைபட்டு விட்டது. புதிய வீட்டுக் கதவு திறக்க வேண்டுமே! நீலகண்டனுக்கு அந்தக் கதவு எப்படித் திறந்தது, திறந்த கதவுக்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதை.

நட்டாலத்துப் பிள்ளை

இன்றையக் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நட்டாலம் என்ற ஊர். 1956-ல் தமிழ்நாட்டுடன் இணையும் வரை இந்தப் பகுதி முழுவதும் மலையாள நாட்டோடு சேர்ந்து இருந்தது.

1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி அங்கே நீலகண்டன் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, காயங்குளத்துக்காரர். தாய் தேவகி அம்மாள். மருமக்கள் தாய முறைப்படி, தாய்வழிக் குடும்பத்தில், தாய் மாமனின் பராமரிப்பில் பையன் வளர்ந்தான். சமஸ்கிருதம் படித்தான்; மலையாளமும் தமிழும் நன்றாக வந்தன. வில் வித்தை, வர்மம், ஆயுதப் பயிற்சி எல்லாம் கற்றுத் தேர்ந்தான்.

வாலிபப் பருவத்தில் அவருக்கு அரண்மனை வேலை கிடைத்தது. அப்போது திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம். அங்குள்ள நீலகண்ட சுவாமி கோவிலின் நிர்வாகத்தில் அவர் அதிகாரியாக இருந்தார். பார்கவி அம்மாளை மணந்து கொண்டார். ராஜாவின் நம்பிக்கைக்கு உரியவர் என்ற பெயரும் கிடைத்தது.

ராஜா யார் தெரியுமா? மார்த்தாண்ட வர்மா! 1729 முதல் 1758 வரை ஆட்சி செய்தவர். சிற்றரசுகளை ஒவ்வொன்றாக வென்று, சிறிய வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூர் ஆக்கியவர். அப்படிப்பட்டவரின் அரண்மனையில் வேலை என்றால், அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும்?

குளச்சலில் கிடைத்த நண்பர்

1741-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி குளச்சல் போர் நடந்தது. டச்சுக்காரரின் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை முறியடித்தது. ஐரோப்பியப் படை ஒன்றை இந்திய ராஜா ஒருவர் கடற்கரையில் வைத்தே மண்டியிடச் செய்த போர் அது.

சிறைப்பட்ட டச்சு வீரர்களில் டிலனாய் என்ற அதிகாரியும் ஒருவர். பெல்ஜியம் பக்கத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். அவருடைய திறமையைக் கண்ட ராஜா, கைதியைக் கொல்லாமல் தன் படைக்கு ஆசிரியர் ஆக்கிக் கொண்டார். துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கி வார்ப்பு, கோட்டை கட்டுதல் ஆகிய எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்தார். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தியவர் அவரே. பிற்காலத்தில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

அரண்மனை அதிகாரி நீலகண்டனும் கைதியாக வந்து தளபதியான டிலனாயும் வேலை நிமித்தமாகப் பழகினார்கள். பழக்கம் சிநேகமாயிற்று.

அந்தச் சமயத்தில் நீலகண்டன் குடும்பத்துக்கு அடிமேல் அடி. பயிர் பொய்த்தது. மாடுகள் செத்தன. சொத்து கரைந்தது. நல்லவனுக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்வி அவர் மனத்தை அரித்தது.

டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பைபிளில் வரும் யோபு பெரிய செல்வந்தர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒரே நாளில் மந்தைகளை இழந்தார், மக்களை இழந்தார். பிறகு உடம்பெல்லாம் புண். நண்பர்களே வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று குத்திக் காட்டினார்கள். அப்படியும் கடவுளை விட்டு அவர் விலகவில்லை.

நம் நாட்டு அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கதை புரியாமல் இருக்குமா? துன்பம் வந்ததாலேயே ஒருவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான் என்பது நீலகண்டன் மனத்தில் தைத்தது. மேலும் மேலும் கேட்டார். கடைசியில், கிறிஸ்தவராகி விடுவது என்று முடிவு செய்தார்.

எல்லை தாண்டிய பயணம்

முடிவு செய்துவிடலாம், நிறைவேற்றுவது எப்படி?

திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்கள் இல்லாமல் இல்லை. 200 ஆண்டுகளுக்கு முன்பே, 1544-ல், பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கடற்கரையில் நடந்து, ஊர் ஊராக முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். கோட்டாற்றில் சவேரியார் கோவில் இருந்தது. மீனவர்கள் கிறிஸ்தவர்களாக இருப்பதை ராஜாங்கம் பொறுத்துக் கொண்டது.

ஆனால், அரண்மனை அதிகாரி ஒருவர், உயர்ந்த ஜாதி என்று மதிக்கப்பட்டவர், மீனவர்களின் கோவிலுக்குப் போய் அவர்களோடு ஒருவராக நிற்பது என்றால்? இன்ன ஜாதியார் இன்ன ஜாதியாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. மதம் மாறுவதை விட, பந்தி மாறுவது பெரிய குற்றமாகத் தெரிந்த காலம்.

உள்ளூரில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் கொடுத்த பாதிரியாருக்கும் ஆபத்து, பெற்றவருக்கும் ஆபத்து. ஆகவே டிலனாய் ஒரு வழி கண்டார். ராஜ்யத்தின் எல்லையைத் தாண்டி வடக்கன்குளத்தில் இருந்த இத்தாலியப் பாதிரியாருக்கு ஒரு கடிதம் எழுதி, நண்பர் கையில் கொடுத்து அனுப்பினார்.

பத்மநாபபுரத்திலிருந்து வடக்கன்குளம் சுமார் 40 கிலோமீட்டர். நாகர்கோவில் வழியாக நடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க வேண்டும். அந்தக் கணவாய்தான் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். ஒரு பக்கம் தென்னையும் வயலும். மறு பக்கம் பனையும் செம்மண்ணும். அந்தப் பக்கம் போய்விட்டால் மார்த்தாண்ட வர்மாவின் ஆணை செல்லாது.

யார் இந்த வடக்கன்குளத்தார்?

வடக்கன்குளம் பெரிய பட்டணம் அல்ல. 1680-ல் அங்கே நாடார் குலத்தில் முதல் கிறிஸ்தவக் கூட்டம் உண்டாயிற்று. 1701-ல் ஏசு சபைப் பாதிரியார்கள் நிலையான மடம் அமைத்தார்கள். பிறகு வேளாளரும் வேறு ஜாதியாரும் சேர்ந்தார்கள். 1745-ல் பார்த்தால், அங்கிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தாங்களே புதிதாக வந்தவர்கள். புதிதாக வருகிறவனின் தவிப்பு அவர்களுக்குப் புதிது அல்ல.

அங்கே பொறுப்பில் இருந்தவர் புத்தாரி பாதிரியார். பரஞ்சோதி நாதர் என்று தமிழில் அவரை அழைத்தார்கள்.

கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அனுப்பி விடவில்லை அவர். ராஜாவின் ஆள், உயர்ந்த உத்தியோகம், குடும்பக் கஷ்டம். கோபத்தில் வந்தவரா, கஷ்டத்தில் வந்தவரா, உண்மையாகவே வந்தவரா என்று பார்க்க வேண்டாமா? ஆகவே, நீலகண்டனை ஊரோடு வைத்துச் சோதித்தார். வேதபாடம் சொல்லிக் கொடுக்கச் செய்தார்.

அந்தக் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஊர்களில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. பாதிரியார் ஒருவர்; அவர் பார்க்க வேண்டிய ஊர்களோ பல. ஆகவே ஊருக்கு ஊர் உபதேசியார் இருப்பார். அவர் உள்ளூர்த் தமிழர், குடும்பஸ்தர். ஜெபங்களை வாய்ப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதும், நோயாளியைப் பார்ப்பதும், வழக்குத் தீர்ப்பதும், பாதிரியார் இல்லாத நாளில் ஜனங்களைக் கூட்டி ஜெபம் நடத்துவதும் அவர் வேலை. புதிதாக வருகிறவர் முதலில் பழகுவது அவரோடுதான்.

அடுத்து, ஞானத் தகப்பன், ஞானத் தாய் என்ற முறை. ஞானஸ்நானம் பெறுகிறவருக்குச் சபையைச் சேர்ந்த ஒருவர் தகப்பனாக நிற்க வேண்டும். இது சடங்கு மட்டும் அல்ல. ரத்த உறவு விட்டுப்போனவனுக்கு ஊரில் ஓர் உறவு இது. கல்யாணமா, சாவா, ஒரு வழக்கா, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தேவை இல்லை.

மூன்றாவது, பெயர். நீலகண்டனுக்கு லாசர் என்ற பெயரைக் கொடுத்தார்கள். கடவுள் துணை என்பது அந்த எபிரேயப் பெயரின் பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். வாயில் நுழையாத பெயராக இல்லாமல், எல்லோரும் கூப்பிடக்கூடிய பெயராகப் போயிற்று.

பாடம் சொல்ல ஒருவர். தகப்பனாக நிற்க ஒருவர். கூப்பிட ஒரு பெயர். வந்தவரை ஒரு சபை எப்படித் தன்னவர் ஆக்கிக் கொள்கிறது என்பது இதில் அடங்கி இருக்கிறது.

ஞானப்பூ

ஊர் திரும்பிய தேவசகாயம் முதலில் பேசியது மனைவியிடம். பார்கவி அம்மாள் பயந்தார். ஜாதியை விட்டால் சாப்பாட்டுக்கே பிச்சை எடுக்க வேண்டி வருமே என்பது அந்த அம்மாளின் அச்சம். வீண் பயம் அல்ல அது. தாய்வழிச் சொத்து முறையில், குடும்பம் கை கழுவி விட்டால் பெண்ணுக்கு நிற்க நிழல் இல்லை.

கணவர் வற்புறுத்தவில்லை, விளக்கினார். பல நாள் யோசித்த பிறகு, அந்த அம்மாளும் வடக்கன்குளம் சென்று ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்ற பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று வைத்தார்கள். எவ்வளவு அழகான பெயர்!

புதுச்சேரியில் ஒரு சுவர்

இதே 1745-ல் நமது புதுச்சேரியில் என்ன நடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்று லாஸ்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் மிஷன் வீதிக்கு வந்துவிடலாம். அங்கே இருக்கிறது சம்பாக் கோவில். இப்போதுள்ள கட்டடம் 1791-ல் கட்டி முடிந்தது. அதற்கு முன்பு அங்கே ஏசு சபையார் கட்டிய கோவில் ஒன்று இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்த போது அதைத் தரைமட்டமாக்கினார்கள். லாஸ்பேட்டை என்ற பெயர் கூட, அந்த அழிவுக்குப் பிறகு 1765-ல் வந்து ஊரைத் திரும்பக் கட்டிய கவர்னர் லா துரையின் பெயரால் ஏற்பட்டது.

அந்தப் பழைய கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது! ஜாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம். பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள் மறு பக்கம். ஒரே பலிபூசை, நடுவில் சுவர்.

1745 அக்டோபரில் சேரி மக்கள் ஒன்று கூடிப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள். எங்களையும் கிறிஸ்தவர்கள் ஆக்கினீர்களே, பிறகு ஏன் இந்தச் சுவர் என்று கேட்டார்கள். பாதிரியாருக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் செய்தார். உடனே ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். விவகாரம் கவர்னர் வரை போயிற்று. இவ்வளவையும் ஆனந்தரங்கம் பிள்ளை தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் விழுந்ததே தவிர, மனத்தில் இருந்த சுவர் அவ்வளவு சீக்கிரம் விழுந்துவிடவில்லை.

தகராறு புதுச்சேரியோடு மட்டும் நின்றதல்ல. தமிழ்நாட்டு மிஷன்களில் ஜாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் விட்டுக் கொடுப்பது என்று ரோமாபுரியில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744-ல் போப்பாண்டவர் 14-ம் பெனடிக்ட் ஓர் ஆணை பிறப்பித்து, பல வழக்கங்களைத் தடுத்தார். ஆனால், தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிப் பாதிரியார்களை வைத்துக் கொள்ளவும் அதே ஆணை இடம் கொடுத்தது. சட்டமே கதவைப் பாதி திறந்து பாதி மூடி வைத்தது.

அப்படிப்பட்ட காலத்தில்தான் தேவசகாயம் தாம் பெற்ற வரவேற்பைப் பிறருக்கும் கொடுக்கப் புறப்பட்டார்.

பந்தியில் உட்கார்ந்தார்

ஞானஸ்நானம் பெற்ற பிறகு அவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. உத்தியோகம் பார்த்துக் கொண்டே, கண்டவர்களிடம் எல்லாம் தமது புதிய விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். மீனவர், பனையேறிகள், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆகிய எல்லோரோடும் சமமாகப் பழகினார். அவர்கள் வீட்டுக்குப் போனார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பேசியதை விட, சாப்பிட்டதுதான் அதிகம் பேரைச் சுட்டது!

அவர் சாமி கும்பிடும் முறையை மாற்றிக் கொண்டது ஒரு வீட்டு விஷயம். ஆனால் அரண்மனை அதிகாரி தீண்டாதார் பந்தியில் உட்கார்ந்தால், நாளைக்கு ஊர்க் கட்டு என்ன ஆகும்? அரண்மனையில் புகார் குவிந்தது. தெய்வங்களை நிந்தித்தார், ஜாதி ஆசாரத்தைக் கெடுத்தார், ராஜாங்க ரகசியங்களை ஐரோப்பியருக்குச் சொன்னார் என்று குற்றங்கள் அடுக்கப்பட்டன.

அவர் மதத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை, அரசாங்கக் குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. மார்த்தாண்ட வர்மா பொதுவாகக் கிறிஸ்தவர்களை விரட்டிய ராஜா அல்ல. டிலனாய் கடைசி வரை கத்தோலிக்கராகவே இருந்து அவர் படையை நடத்தினார் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். கோட்டாற்றுக் கிறிஸ்தவர்களோ, மதத்தை விட்டால் விடுதலை என்ற பேச்சு கடைசி வரை இருந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். வெளிநாட்டார் மதம் வேறு. உள்ளூர் அதிகாரி அந்த மதத்தில் சேர்ந்து ஜாதி வரிசையைக் குலைப்பது வேறு. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எருக்கம்பூ மாலை

1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அதன் பின் ஏறத்தாழ 3 ஆண்டுக் காலம் அவர் பட்ட பாடு கல்லையும் கரைக்கும்.

மரண தண்டனைக் கைதிக்குப் போடும் எருக்கம்பூ மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டி, எருமை மாட்டின் மேல் வால் பக்கம் பார்த்து உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் பிரம்படி. அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி. வெயிலில் நிறுத்தினார்கள். தாகத்துக்கு அழுகிய தண்ணீரைக் கொடுத்தார்கள்.

அரண்மனை அதிகாரியாக மரியாதை பெற்ற அதே வீதிகளில், வேடிக்கைப் பொருளாகப் போனார். அவமானப்படுத்துவதே நோக்கம். உயர்ந்த இடத்திலிருந்து இறங்கினால் இதுதான் கதி என்று பார்க்கிறவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும் அல்லவா?

புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் அவர் முழங்கையால் பாறையை இடித்ததாகவும், அங்கே தண்ணீர் சுரந்ததாகவும் மக்கள் நம்புகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். அது இருக்குமிடம் டிலனாய் பலப்படுத்திய உதயகிரிக் கோட்டைக்கு அருகில்தான்! நண்பனின் கோட்டைக்குப் பக்கத்தில் நண்பன் தாகத்தில் தவித்தான்.

வேப்ப மரத்தடியில் ஒரு சபை

பெருவிளை என்ற ஊரில் அவரை ஒரு வேப்ப மரத்தில் கட்டி வைத்தார்கள். மாதக் கணக்கில் அங்கே இருந்தார். வெயிலும் மழையும் அவர் மேலேயே விழுந்தன.

அதிகாரிகள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. கைதியைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நாளடைவில் குறை சொல்ல வந்தார்கள். நோய் தீர வேண்டுமென்று வந்தார்கள். அறிவுரை கேட்க வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, இந்துக்களும் உண்டு. அந்த மரத்தின் இலையை மருந்தாக எடுத்துச் சென்றார்கள்.

கோவில் இல்லை, கூரை இல்லை, வருகிறவனை என்ன ஜாதி என்று கேட்க ஆள் இல்லை. சங்கிலியில் கிடந்தவர் எல்லோரையும் வரவேற்றார். ஒரு காலத்தில் தாம் தட்டிய கதவை, இப்போது மற்றவர்களுக்காகத் திறந்து வைத்தார் என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டம் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவரை அங்கிருந்து கிழக்கே, ராஜ்யத்தின் எல்லையான ஆரல்வாய்மொழிக்கு மாற்றினார்கள்.

காற்றாடிமலை

ஆரல்வாய்மொழி! எந்தக் கணவாயைக் கடந்து அவர் வடக்கன்குளம் போனாரோ, அதே இடம். கணவாயைத் தாண்டிச் சில மணி நேரம் நடந்தால் போதும். அவருக்குப் பெயர் கொடுத்த ஊர் வந்துவிடும். தப்பி ஓட வழியும் இருந்தது என்கிறார்கள். அவர் ஓடவில்லை.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி இரவு. சிப்பாய்கள் அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டு போனார்கள். சித்திரவதையால் கால்கள் நடக்கும் நிலையில் இல்லை. தூக்கிக் கொண்டே போனதாகச் சொல்கிறார்கள். ஜெபம் செய்யச் சிறிது நேரம் கேட்டார், கொடுத்தார்கள். பிறகு சுட்டார்கள்.

அப்போது அவருக்கு வயது 39. கிறிஸ்தவராகி ஏழு ஆண்டுகள் கூட நிறையவில்லை. அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சங்கிலியில் கழிந்தன.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். சில நாட்களுக்குப் பிறகு, விஷயம் தெரிந்த கிறிஸ்தவர்கள் மலைக்குப் போனார்கள். கிடைத்த எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கோட்டாற்றுக்குக் கொண்டு வந்தார்கள். சவேரியார் கோவிலில் பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தார்கள்.

இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ராஜ துரோகி என்று சுடப்பட்டவனின் எலும்பைத் தொட்டால் தங்களுக்கும் தண்டனை வரலாம் என்று அந்த மக்களுக்குத் தெரியாதா? தெரியும். பிறந்த குடும்பம் கொள்ளி வைக்க வரவில்லை. ஏழு ஆண்டு முன்பு வரை முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். கோவிலில் சாதாரண இடத்தை அல்ல, பீடத்தடியையே கொடுத்தார்கள். கோட்டாறு, சவேரியார் காலம் முதல் மீனவர்களும் ஏழைகளும் மண்டியிட்ட கோவில். அவர்கள் காலடியில் அரண்மனை அதிகாரி உறங்குகிறார்.

கணவர் போன பிறகு

ஞானப்பூ அம்மாள் என்ன ஆனார்?

கணவர் சிறையில் இருந்த போது கஷ்டப்பட்டுப் போய்ப் பார்த்து வந்தவர் அவர். கணவர் இறந்த பிறகு சொந்த ஊரில் இருக்க முடியவில்லை. எல்லையைத் தாண்டி வடக்கன்குளத்துக்கே வந்து சேர்ந்தார். 1766-ல் இறக்கும் வரை, 14 ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்தார். அடக்கமானதும் அங்கேயே.

ஜாதியை விட்டால் யார் சோறு போடுவார்கள் என்று பயந்தாரே, அந்தக் கேள்விக்கு அந்தச் சிறிய ஊர் 14 ஆண்டுகள் பதில் சொல்லிற்று. ஞானஸ்நான நாளில் விருந்து வைப்பது எளிது. கணவனை இழந்து, ராஜ கோபத்துக்கு ஆளான ஒரு விதவையை ஆண்டுக் கணக்கில் தன்னவளாக வைத்துக் கொள்வது எளிதா?

அதே ஊரில் ஒரு சுவர்

இவ்வளவு நல்ல ஊருக்கும் ஒரு களங்கம் வந்தது. அதை மறைப்பது நியாயம் ஆகாது.

வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் கோவிலில் தனித்தனி இடம் என்ற வழக்கம் வேரூன்றியது. 1872-ல் புதிய கோவில் கட்டிய போது, இரு சாராருக்கும் இரண்டு நடைகள் வைத்து, நடுவில் தடுப்போடு கட்டினார்கள். பீடம் ஒன்று, கால்கள் இரண்டு. பார்ப்பதற்குக் கால்சட்டை போல் இருந்ததால், கால்சட்டைக் கோவில் என்றே அதற்குப் பெயர் ஆயிற்று. கடைசியில் 1910-ல் அந்தத் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. சுவரை இடித்தது செல்லும் என்றே முடிந்தது.

தேவசகாயத்துக்கும் ஞானப்பூவுக்கும் கதவைத் திறந்த ஊரிலேயே சுவர் எழும்பியது என்றால், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வரவேற்பு என்பது ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடும் காரியம் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் கதவைத் திறந்து கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அது தானாகவே மூடிக் கொள்ளும்.

ரோமாபுரியில் ஒரு தமிழ்ப் பெயர்

2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கும் விழா நடந்தது. 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி, ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று அந்தப் பட்டம் பெற்றவர்கள் 10 பேர். அவர்களில் ஒருவர் நட்டாலத்தில் பிறந்த இந்தத் தமிழர். பாதிரியாரும் அல்ல, துறவியும் அல்ல; மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். இந்தியாவில் பிறந்த இல்லறத்தார் ஒருவர் இந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

அந்த விழாவில் இன்னொரு விசேஷமும் உண்டு. அதுவரை தேவசகாயம் பிள்ளை என்றே அவரை எல்லோரும் எழுதி வந்தார்கள். ஜாதிப் பெயரை எடுத்துவிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. எந்த அடையாளத்தை அவர் உதறிவிட்டு எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்தாரோ, அதையே அவர் பெயரோடு ஒட்டி வைப்பது பொருந்துமா? கோரிக்கை ஏற்கப்பட்டது. புனிதர் பட்டியலில் அவர் பெயர் தேவசகாயம் மட்டுமே. வடக்கன்குளத்தார் 1745-ல் கொடுத்த பெயர் அது.

இன்று லாஸ்பேட்டை போன்ற புது நகரங்களில் பல ஊரார், பல மொழியார், பல மதத்தார் வந்து குடியேறி இருக்கிறார்கள். கோவிலானாலும், மசூதியானாலும், மாதா கோவிலானாலும், புதிதாக வந்து கடைசி வரிசையில் ஓரமாக நிற்கிறவர் ஒருவர் எங்கும் உண்டு. எங்கே உட்கார்வது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் அக்கம் பக்கம் பார்த்துக் கொண்டிருப்பார். அவருக்கு இடம் காட்டி, பெயர் கேட்டு, நாளைக்கும் வாருங்கள் என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். வடக்கன்குளத்து ஏழை ஜனங்கள் அன்று செய்தது அதைத்தான்.